டீச்சர் பதில்கள்: ஒரு வருஷம் கழித்துச் சேர்ந்தால் என்ன?

இந்த முறை இதழின் ஆசிரியர் குழு அனுப்பிய கட்டுக்குள் நாற்பத்தொரு கடிதங்கள். பிரித்து அடுக்கினால் பாதிக்குப் பக்கம் ஒரே கேள்வி: படிப்பைத் தொடர உடனே சேர வேண்டுமா, ஒரு வருஷம் விட்டுச் சேரலாமா. முப்பத்து நாலு வருஷம் அரசுப் பள்ளிகளில் வேதியியல் நடத்தியவளுக்கு ஜூன் மாதத்தில் இது புதுக் கேள்வி அல்ல. முன்பெல்லாம் அப்பாவோ அம்மாவோ பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்து ஸ்டாஃப் ரூம் வாசலில் நிற்பார்கள். இப்போது பிள்ளைகளே எழுதுகிறார்கள். அதனால் மற்றவற்றை ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். உப்புப் போட்டால் ஐஸ் ஏன் சீக்கிரம் உருகுகிறது என்று கேட்ட ஆறாம் வகுப்புத் தம்பி கோபித்துக்கொள்ளாதே. அடுத்த இதழில் உன் கேள்விதான் முதலில்.

கேள்வி: பவானியில் ஜமக்காளக் கடை வைத்திருக்கிறேன் டீச்சர். பையன் கணினி அறிவியல் பிரிவில் 600-க்கு 548 எடுத்திருக்கிறான். பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவு செய்யச் சொன்னால், "எனக்கு என்ன புடிக்கும்னே தெரியலீங்கப்பா, ஒரு வருஷம் கேப் எடுத்துக்கறேன், ஒபாமா பொண்ணே எடுத்துச்சு" என்கிறான். கடைசி நாள் தாண்டிவிடுமே என்று நானே பதிவு செய்துவிட்டேன். அது அவனுக்குத் தெரியாது. எப்படிப் புரியவைப்பது?
— ஒரு அப்பா, பவானி

பதில்: முதல் வேலையாக, பதிவு செய்ததை இன்றைக்கே அவனிடம் சொல்லிவிடுங்கள். தரவரிசைப் பட்டியலில் தன் பெயரைப் பார்த்து அவனே தெரிந்துகொண்டால், அப்புறம் நீங்கள் எது சொன்னாலும் காதில் ஏறாது.

ஒபாமா மகள் கதை உண்மைதான். மூத்த மகள் மலியா 2016-ல் பள்ளிப் படிப்பை முடித்தார், 2017-ல்தான் ஹார்வர்டில் சேர்ந்தார். ஆனால் உங்கள் பையன் பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறான். இடம் கிடைத்த பிறகுதான் அவர் ஒரு வருஷம் தள்ளிப் போட்டார். தேர்வான பிள்ளைகளிடம், வேண்டுமானால் ஒரு வருஷம் கழித்து வாருங்கள் என்று ஹார்வர்டே சொல்வது வழக்கம். இங்கிலாந்து இளவரசர் வில்லியமும் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கு முன் ஒரு வருஷம் சிலி, பெலிஸ் என்று சுற்றினார், ஒரு பால் பண்ணையில் வேலையும் பார்த்தார். பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுக்குத் துண்டு போட்டுவிட்டு டீ குடிக்க இறங்குகிற மாதிரிதான் இதெல்லாம்.

நம் கலந்தாய்வில் துண்டு போட வழியில்லை. இந்த வருஷம் ஒதுக்கும் இடத்தை அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைக்க மாட்டார்கள். கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று போடும் கட்-ஆஃப் அவனிடம் அப்படியே இருக்கும். ஆனால் அதை வைத்துக்கொண்டு அடுத்த வருஷத்துப் பிள்ளைகளோடு புது வரிசையில் நிற்க வேண்டும். முன்னாலும் போகலாம், பின்னாலும் போகலாம். இதை அவனிடம் பயமுறுத்தலாக அல்லாமல் தகவலாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று. பிளஸ் டூ தேர்வு மார்ச்சில் முடிந்தது. கல்லூரி திறக்க ஆகஸ்ட் ஆகிவிடும். கணக்குப் பார்த்தால் பையன் ஏற்கெனவே மூன்று மாதமாக கேப்பில்தான் இருக்கிறான்! அந்த மூன்று மாதம் எப்படிப் போனது என்று ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். கடையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தானா, எங்காவது ஏதாவது கற்றுக்கொண்டானா, இல்லை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு எழுந்து போனை எடுத்தானா? இந்தக் காலாண்டு எப்படிப் போனதோ அப்படியேதான் முழு ஆண்டும் போகும். அவன் எழுதுவதை நீங்கள் திருத்தக் கூடாது, படித்துவிட்டுத் திட்டவும் கூடாது. எழுதுவதுதான் மருந்து.

என்ன பிடிக்கும் என்று தெரியவில்லை என்பதை நான் குறையாக நினைக்கவில்லை. பதினேழு வயதில் தெரியும் என்று சொல்கிற பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் வீட்டுக்குள் உட்கார்ந்து யோசித்தால் அது தெரிந்துவிடாது. சித்தோட்டில் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது, பவானியிலிருந்து டவுன் பஸ்ஸிலேயே போய்விடலாம். அங்கே இரண்டாம் வருஷம், மூன்றாம் வருஷம் படிக்கிற பிள்ளைகள் யாரையாவது பிடித்து டீக்கடையில் ஒரு மணி நேரம் பேசட்டும். பி.எஸ்சி. கணிதமோ புள்ளியியலோ படிக்கிற ஒருவரிடமும் பேசட்டும். நீங்கள் கூடப் போகாதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் கேப்தான் வேண்டும் என்றால், "முதல் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு எங்கே போகப் போகிறாய்?" என்று மட்டும் கேளுங்கள். ஒரு இடத்தின் பெயர் வந்தால் மேற்கொண்டு பேசலாம். வரவில்லை என்றால் கலந்தாய்வுக்குக் கூட்டிப் போங்கள்.

கேள்வி: எனக்குத் துறையூர் பக்கம் டீச்சர். தையல் வேலை செய்கிறேன், வீட்டுக்காரர் லாரி டிரைவர். மகள் ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி, தமிழ் வழி. நீட்டில் 720-க்கு 308. எம்.பி.பி.எஸ். கிடைக்காது என்கிறார்கள். வேளாண்மைப் படிப்பு கிடைக்கும்போலத் தெரிகிறது. ஆனால் "டாக்டர் இல்லேன்னா எனக்கு எதுவும் வேண்டாம்" என்று பிடிவாதமாக இருக்கிறாள். நாமக்கல் பக்கம் ஒரு சென்டரில் ரிப்பீட்டர் பேட்ச்சுக்கு ஹாஸ்டலோடு ஒரு லட்சத்து முப்பதாயிரம் கேட்கிறார்கள். நகையை அடகு வைக்கலாம் என்று இருக்கிறேன். சொந்தக்காரர்கள், "பொட்டப் பிள்ளைக்கு ஒரு வருஷம் வீணாப் போகணுமா" என்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது? நான் என்ன செய்யட்டும்?
— ஒரு அம்மா, துறையூர் அருகே

பதில்: அம்மா, நகையை இப்போதைக்குப் பீரோவிலேயே வையுங்கள்.

உங்கள் கடிதத்தோடு மகள் ஒரு கோடு போட்ட நோட்டுத் தாளும் வைத்திருந்தாள். தேர்வு முகமை வெளியிட்ட விடைக்குறிப்பைத் தன் ஓ.எம்.ஆர். தாளோடு ஒப்பிட்டு, எத்தனை சரி, எத்தனை தப்பு, எத்தனை விட்டது என்று தானே எண்ணி எழுதியிருக்கிறாள். இதைச் செய்யச் சொன்னால் அழுகிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அவளாகச் செய்திருக்கிறாள் என்பதே எனக்குப் பாதி பதில். மீதிப் பாதி அந்தத் தாளில் இருக்கிறது.

உயிரியல் 90 கேள்வியில் 64 சரி, 20 தப்பு, 6 விட்டது. சரிக்கு நாலு, தப்புக்கு ஒன்று கழிவு என்று போட்டால் 236. கோச்சிங் போகாமல், பள்ளியில் படித்ததையும் வீட்டில் படித்ததையும் வைத்து 236! வேதியியல் 45-ல் 18 சரி, 15 தப்பு, ஆக 57. சுமார்தான். இயற்பியல் 45-ல் 9 சரி, 21 தப்பு, 15 விட்டது, ஆக 15 மதிப்பெண்.

இந்த இயற்பியலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். முப்பது கேள்விக்கு விடை குறித்திருக்கிறாள். நாலு விடையில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே முப்பதில் ஏழெட்டு சரியாக விழும். இவளுக்கு விழுந்தது ஒன்பது. அதாவது இயற்பியலை இவள் இன்னும் படிக்கவே ஆரம்பிக்கவில்லை. ஏன் என்பதும் தாளின் ஓரத்திலேயே இருக்கிறது: "பியூர் சயின்ஸ் குரூப்". இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல். கணக்கு பத்தாம் வகுப்போடு முடிந்துவிட்டது. மடக்கை, வெக்டர், வகையீடு எதையும் தொடாத பிள்ளையை உட்கார வைத்து சரிவுத்தளத்தில் உருளும் கோளத்தின் முடுக்கம் என்ன என்று கேட்டால் அவள் என்ன செய்வாள்? டாக்டர் ஆக வேண்டும் என்றால் கணக்கு வேண்டாம் என்று பத்தாவது முடிந்த கையோடு யாரோ சொல்லியிருப்பார்கள். எங்கள் பள்ளியிலும் சொல்லியிருக்கிறோம். நீட் வந்த பிறகும் சில வருஷம் சொல்லிக்கொண்டிருந்தோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

எந்த இடத்தில் ஓட்டை என்று தெரிகிற பிள்ளைக்கு ஒரு வருஷம் கொடுக்கலாம். ஆகவே என் பதில்: கொடுங்கள். ஒரே ஒரு தடவை.

எழுதத் தடை எதுவும் இல்லை. எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு வரம்பு கிடையாது, மேல் வயது வரம்பையும் 2022-ல் எடுத்துவிட்டார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை எங்கே படித்தாள் என்பதைத்தான் பார்க்கிறது. அடுத்த வருஷமும் அது அவளுக்கு உண்டு. அதில் இடம் கிடைத்தால் படிப்புச் செலவை அரசே ஏற்கிறது. புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் மட்டும் கல்லூரியில் சேர்ந்து படிக்கிற மாதங்களுக்குத்தான். வீட்டில் இருக்கிற வருஷத்துக்கு வராது. அதையும் செலவுக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு லட்சத்து முப்பதாயிரம் பற்றி. அந்த சென்டரைக் குறை சொல்ல எனக்கு எதுவும் தெரியாது. ஆனால் ரிப்பீட்டர் பேட்ச்சில் எல்லாருக்கும் எல்லாப் பாடமும் ஒரே வேகத்தில் ஓடும். உங்கள் மகளுக்கு உயிரியலில் மறுபடி 'செல்லின் அமைப்பு' தேவையில்லை. தேவைப்படுவது பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் உள்ள முக்கோணவியல், வெக்டர், வகையீடு, தொகையீடு. ஜூலையும் ஆகஸ்ட்டும் இதற்குப் போகட்டும், நீட் புத்தகத்தையே தொட வேண்டாம். அப்புறம் துறையூரிலோ திருச்சியிலோ இயற்பியலுக்கு ஒரு நல்ல டியூஷன், வாரம் ஒரு மாதிரித் தேர்வு. கேட்கிற தொகையில் கால்வாசிக்குள் முடியும் என்று நினைக்கிறேன். வீட்டில் படிக்க இடமில்லை, தம்பி டிவி போடுகிறான் என்றால் நூலகம் இருக்கிறது. ஹாஸ்டல் இல்லாமல் முடியவே முடியாது என்று அவளே சொன்னால், அப்போது நகையைப் பற்றிப் பேசலாம்.

இயற்பியல் 15 என்பது 80 ஆகி, வேதியியல் 57 என்பது 100 ஆனால் மொத்தம் 416. அதற்குச் சீட்டு நிச்சயம் என்று நான் எழுதித் தர மாட்டேன், யார் எழுதித் தந்தாலும் நம்பாதீர்கள். 2024-ல் 720-க்கு 720 எடுத்தவர்களே பலர், 2025-ல் நாட்டின் முதல் மதிப்பெண்ணே 686. கேள்வித்தாள் ஒரு வருஷம் இறுகினால் கட்-ஆஃப் இறங்கும், இளகினால் ஏறும். அது அவள் கையில் இல்லை.

இனி எனக்குப் பயமாக இருக்கிற விஷயம். "டாக்டர் இல்லேன்னா எனக்கு எதுவும் வேண்டாம்." இந்த வாக்கியத்தோடு அவள் அந்த வருஷத்தைத் தொடங்க நான் சம்மதிக்க மாட்டேன். அவள் விட்டுக்கொடுக்கப்போவது ஒரு வருஷத்தை அல்ல, கையில் வரப்போகிற வேளாண்மை இடத்தை. அது சின்ன விலை இல்லை என்று தெரிந்துகொண்டு அவள் அதை விட வேண்டும். அடுத்த வருஷம் நீட் எழுதும்போதே வேளாண்மை, நர்சிங், பி.எஸ்சி. எல்லாவற்றுக்கும் சேர்த்து விண்ணப்பிப்பேன், எது வந்தாலும் சேருவேன் என்று இப்போதே அவள் வாயால் சொல்ல வேண்டும். நீங்களும் வீட்டுக்காரரும் உட்கார்ந்திருக்கும்போது சொல்ல வேண்டும். சொல்ல முடியவில்லை என்றால் வேளாண்மையில் சேர்த்துவிடுங்கள். நான் கடுமையாகப் பேசுவதாக அவள் நினைக்கலாம். பரவாயில்லை.

நடு வருஷத்தில் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை, பேச்சு குறைகிறது என்றால் 'படிப்புக் கவலை' என்று விட்டுவிடாதீர்கள். 104-ஐ அழைத்தால் மாணவர்களுக்கு மனநல ஆலோசனை தருகிறார்கள், காசு இல்லை. 14416 என்ற எண்ணும் இருக்கிறது. எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள், உங்களுக்கும் சேர்த்துத்தான்.

சொந்தக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்கிறீர்கள். அடுத்த மாதம் அவர்கள் பேச வேறு ஏதாவது கிடைத்துவிடும்.

கேள்வி: டிப்ளமோ மெக்கானிக்கல் கடைசி செமஸ்டர் முடித்திருக்கிறேன். ஊர் தருமபுரி. ஓசூரில் ஒரு கம்பெனியில் டிரெய்னியாக மாதம் 16,000 தருகிறார்கள். நேரடி இரண்டாம் ஆண்டு பி.ஈ. சேரும்படி வீட்டில் சொல்கிறார்கள். ஒரு வருஷம் வேலை பார்த்துவிட்டுச் சேர்ந்தால் தப்பா?
— ஒரு தம்பி, தருமபுரி

பதில்: தப்பே இல்லை தம்பி, போ. மெஷின் பக்கத்தில் ஒரு வருஷம் நின்றவன் வகுப்பில் கேட்கிற கேள்வியே வேறு மாதிரி இருக்கும்.

ஒன்றே ஒன்றுதான் இடிக்கிறது. சம்பளம் பழகிவிடும். ஆறாவது மாதம் பைக்குக்குத் தவணை, எட்டாவது மாதம் தங்கைக்குச் சீட்டு, அப்புறம் நீ நினைத்தாலும் வெளியே வர முடியாது. என் மாணவர்களிலேயே, "ஒரு வருஷம்தான் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போய் இப்போது அங்கேயே சூப்பர்வைசராக இருப்பவர்கள் உண்டு. அவர்கள் கெட்டுப் போய்விடவில்லை, நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் பி.ஈ. படிக்கவில்லை. உனக்கு உண்மையாகவே பி.ஈ. வேண்டும் என்றால் முதல் வருஷம் தவணையில் எதுவும் வாங்காதே.

நேரடி இரண்டாம் ஆண்டுக் கலந்தாய்வு பல வருஷமாகக் காரைக்குடி அரசுப் பொறியியல் கல்லூரியிலிருந்து நடக்கிறது. அடுத்த வருஷ அறிவிப்பைப் பார்க்க ஏப்ரல் முதலே போனில் நினைவூட்டல் போட்டு வை. வேலையை விட மனமில்லை என்றால், டிப்ளமோ முடித்து வேலையில் இருப்பவர்களுக்காகக் கோயம்புத்தூரில் மாலை நேர பி.ஈ. நடத்தும் கல்லூரிகள் இருக்கின்றன. ஓசூரிலிருந்து அது முடியாது, ஊர் மாற வேண்டியிருக்கும். அதையும் யோசித்துக்கொள்.

கேள்வி: டீச்சர், எனக்குக் கோவில்பட்டி பக்கம் ஒரு கிராமம். பிளஸ் டூவில் 471. அரசுப் பள்ளிதான். அப்பாவுக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன், ஆறு மாதம் வேலைக்குப் போகக் கூடாது. அண்ணன் கல்லூரியில் கடைசி வருஷம். "இந்த ஒரு வருஷம் வீட்டில் இரு, அடுத்த வருஷம் கண்டிப்பாகச் சேர்த்துவிடுகிறோம்" என்கிறார்கள். விண்ணப்பிக்கும் தேதியும் போய்விட்டது. அம்மாவோடு தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகலாம் என்று இருக்கிறேன். அடுத்த வருஷம் சேர்ப்பார்களா டீச்சர்?
— பெயர் வேண்டாம்

பதில்: தாயி, உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நான் உன் பக்கத்து ஊர்க்காரி, சாத்தூர்.

1980-ல் பிளஸ் டூ முடித்தேன். தமிழ்நாட்டில் பிளஸ் டூவின் முதல் செட்டே நாங்கள்தான். அப்பா ஒரு காராச்சேவுக் கடையில் அடுப்பில் நிற்கிற மாஸ்டர். அந்த ஏப்ரலில் எண்ணெய்ச் சட்டி சாய்ந்து வலது கை முழங்கை வரைக்கும் வெந்துபோனது. அண்ணன் அப்போது கல்லூரியில். எனக்கும் இதே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: இந்த ஒரு வருஷம் இரு. யாரும் என்னை ஏமாற்றச் சொல்லவில்லை. சொன்னபோது அவர்கள் அதை நம்பினார்கள்.

வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டினேன். நூற்று நாற்பத்து நாலு பெட்டி ஒரு குரோஸ், கூலி குரோஸ் கணக்கில். பசை காய்ந்தால் விரல் நுனியில் தோல் உரிந்து வரும். பெட்டியின் பக்கவாட்டில் தடவுவது சிவப்பு பாஸ்பரஸ், குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட் என்று புத்தகத்தில் படித்தது அங்கேதான் கண்ணால் பார்த்தேன். பின்னால் டீச்சரான பிறகு வருஷா வருஷம் வகுப்புக்கு ஒரு தீப்பெட்டி கொண்டுபோவேன். பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். பள்ளி விழா மேடைகளில் 'அந்த ஒரு வருஷம்தான் என்னை வேதியியல் டீச்சர் ஆக்கியது' என்றுகூடப் பேசியிருக்கிறேன். கைதட்டுவார்கள். உன்னிடம் மட்டும் சொல்கிறேன், அது மேடைப் பேச்சு. அந்த வருஷம் எனக்குத் துளியும் பிடிக்கவில்லை. சாயங்காலம் காலேஜ் பஸ் தெருமுனையில் நிற்கும் நேரத்தில் கொல்லைப்புறம் போய்விடுவேன்.

எங்கள் வகுப்பில் அப்படி 'ஒரு வருஷம்' என்று வீட்டில் நின்றவர்கள் ஐந்து பேர். திரும்பிப் படிக்கப் போனது நான் ஒருத்திதான். நான் கெட்டிக்காரி என்பதால் அல்ல. 1981 ஜூனில் எங்கள் தலைமை ஆசிரியை வீட்டுக்கே வந்தார். அப்பாவிடம், "உங்கள் மகளுடைய டி.சி. இன்னும் என் பீரோவில்தான் இருக்கிறது, எப்போது வந்து வாங்குகிறீர்கள்?" என்று கேட்டார். அவ்வளவுதான். அடுத்த வாரம் பி.எஸ்சி.க்கு விண்ணப்பம் போட்டோம். மற்ற நாலு பேர் வீட்டுக்கு அப்படி யாரும் போகவில்லை. அவர்கள் அதற்கு முன்பே டி.சி.யை வாங்கிக் கொடியடுக்கில் வைத்திருந்தார்கள்.

ஆகவே, 'சேர்ப்பார்களா' என்ற உன் கேள்விக்கு, தானாக நடக்காது என்பதுதான் என் பதில். ஆனால் உன் காலம் என் காலம் இல்லை, கணக்கு மாறியிருக்கிறது. உட்கார்ந்து இதை அப்பாவிடம் சொல்.

அரசு கலைக் கல்லூரியில் சேர விண்ணப்பக் கட்டணம் சமீப வருஷங்களில் ஐம்பது ரூபாய்தான் வாங்குகிறார்கள், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு இரண்டே ரூபாய். சேர்ந்த பிறகு வருஷத்துக்குக் கட்டுவதும் பெரிய தொகை அல்ல. நீ ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்றால், சேர்ந்த பிறகு புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உன் வங்கிக் கணக்கில் வரும். படித்தால் செலவு என்று உங்கள் வீட்டில் நினைக்கிறார்கள். உன் விஷயத்தில் படிக்காமல் இருந்தால்தான் மாதம் ஆயிரம் நஷ்டம்.

அம்மாவோடு வேலைக்குப் போயே ஆக வேண்டும் என்றால், பல அரசு கலைக் கல்லூரிகளில் காலை ஷிப்ட், மதிய ஷிப்ட் என்று இரண்டு உண்டு. எந்தப் பாடம் எந்த ஷிப்ட்டில் என்று கேள். மீதி அரை நாள் வீட்டுக்கு.

விண்ணப்பிக்கும் தேதி போய்விட்டதே என்று எழுதியிருக்கிறாய். கலந்தாய்வு முடிந்து காலி இடம் இருந்தால் மறுபடியும் விண்ணப்பம் வாங்குவது வழக்கம். போனில் கேட்டுக்கொண்டிருக்காதே. மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்று, வருமானச் சான்று நகலோடு கல்லூரி உதவி மையத்துக்கு நேரில் போ. நீயே போ, அல்லது உன் பிளஸ் டூ டீச்சரைக் கூப்பிடு. வர மாட்டேன் என்று சொல்கிற டீச்சரை நான் இன்னும் பார்க்கவில்லை.

இத்தனையும் செய்து இந்த வருஷம் முடியாமல்தான் போனது என்றால், டி.சி.யை வீட்டில் வைத்துக்கொள்ளாதே, பள்ளியிலேயே திரும்பக் கொடுத்து வை. உன் தலைமை ஆசிரியையிடம் போய், "அடுத்த மே மாதம் எங்கள் வீட்டுக்கு வாருங்கள்" என்று சொல்லிவிட்டு வா. ஆசிரியர் குழுவிடம் உன் முகவரி இருக்கிறது, என் முகவரியையும் உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். மே மாதம் முதல் வாரம் எனக்கு ஒரு கார்டு போடு. கோவில்பட்டிக்கு சாத்தூரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் ஆகும்.

கேள்வி: பி.காம். முடித்து இரண்டு வருஷம் குரூப் 4 தேர்வுக்குப் படித்தேன். கிடைக்கவில்லை. இப்போது எம்.காம். சேரப் போனால் 'கேப் சர்டிபிகேட்' கேட்கிறார்கள். எந்த ஆபீஸில் தருவார்கள்?
— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: எந்த ஆபீஸிலும் தர மாட்டார்கள், நீங்களேதான் தர வேண்டும். பத்திரத் தாளில் ஒரு உறுதிமொழி. எந்த மாதம் படிப்பு முடிந்தது, அதன் பிறகு இதுவரை என்ன செய்தீர்கள், இடையில் வேறு எந்தக் கல்லூரியிலும் சேரவில்லை, குற்ற வழக்கு எதுவும் இல்லை என்று எழுதி நோட்டரி வக்கீல் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். வாசகம் எப்படி வேண்டும் என்று கல்லூரி அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், சில இடங்களில் அச்சடித்தே வைத்திருப்பார்கள். தேர்வு எழுதிய ஹால் டிக்கெட் நகல் இருந்தால் கூட இணையுங்கள்.

யாரோ தெரிந்தவர் கடையில் வேலை பார்த்ததாகப் பொய் அனுபவச் சான்று வாங்கித் தருகிறேன் என்று வருவார்கள். வேண்டாம். தேர்வுக்குப் படித்தேன், கிடைக்கவில்லை என்று எழுதுவதில் ஒரு அவமானமும் இல்லை. பின்னால் கல்லூரி வளாகத் தேர்வுக்கு வரும் சில நிறுவனங்கள் படிப்பில் ஒரு வருஷம் அல்லது இரண்டு வருஷத்துக்கு மேல் இடைவெளி கூடாது என்று விதி வைத்திருக்கும். அறிவிப்பில் அந்த வரியை மட்டும் முதலில் பாருங்கள்.

சேர்க்கையின்போது அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-லேயே சொல்லிவிட்டது. ஞாபகமாக வாங்கி வந்துவிடுங்கள். நோட்டரி வக்கீல்கள் நீதிமன்ற வாசலிலேயே இருப்பார்கள். காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள், அதற்கு மேல் கோர்ட்டுக்குள் போய்விடுவார்கள், மத்தியானம் வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.